வங்கி இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க நம்ம ஊர்க்காரர்கள் உதவி தேவை

வணக்கமுங்க. கோயமுத்தூரில் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன். ஒரு வங்கியின் இணையதளத்தை மாற்றி அமைக்கும் வேலையில் இருக்கிறோம். புதுத் தளம் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளையெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது, ஆனால் அதில் பாதி அதிகாரிகள் சொன்னது. வாடிக்கையாளர் பேச்சு அதில் குறைவு. அதுதான் மனதை உறுத்துகிறது.

போன வாரம் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரி ஒருவரிடம் மாதிரிப் பக்கத்தைக் காட்டினேன். பணம் அனுப்பும் இடத்தில் 'பயனாளியைச் சேர்க்க' என்று இருந்தது. பணம் பெறுபவரைத்தான் அப்படி எழுதியிருந்தோம். "அரசாங்கத் திட்டமுங்களா?" என்று கேட்டார். தப்பு அவருடையது இல்லை, எங்கள் சொல்லுடையது. அப்புறம் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு. அதன் 11 எழுத்துகளில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அவர் ஆங்கில 'ஓ' போட்டார், பக்கம் 'தவறு' என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டது. எங்கே தவறு என்று சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், கண் பார்வை குறைந்த பெரியவர்கள் யாராவது 40 நிமிடம் ஒதுக்க முடியுமா? நாங்களே வருகிறோம். மாதிரிக் கணக்கில்தான் சோதனை. உங்கள் கணக்கு எண், பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் கேட்க மாட்டோம்.

வர முடியாதவர்கள் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: நீங்கள் பணம் அனுப்பும் ஆளை, உங்கள் வீட்டில் பேசும்போது என்ன சொல்லிக் குறிப்பிடுவீர்கள்?