நோலன் ரயனும் அந்த 292 தோல்வியும்

டெக்சாஸ்காரன்:
பேஸ்பால் பிட்சர் (பந்துவீச்சாளர்) நோலன் ரயனைப் பற்றி நேற்று இன்னொரு இழையில் கணக்குப்புலி எழுதியது இது: "நோலன் ரயனிடம் இருந்தது வெறும் வேகம். பிட்சர் கணக்கில் எழுதப்படும் ஆட்டத் தோல்வி 292. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒன்று கூடக் கிடையாது. பெரிய பிட்சர் என்பதெல்லாம் கட்டுக்கதை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 27 சீசன், 5,714 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), 7 நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத முழு ஆட்டம்). கடைசி நோ-ஹிட்டர் 1991-இல், டொரொன்டோவுக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 44. இதுவா கட்டுக்கதை?

கணக்குப்புலி:
என் பெயர் அடிபடுகிறதே என்று வந்தேன். பட்டியல் எல்லாம் எனக்கும் தெரியும். 292-க்குப் பதில் சொல்லுங்கள். மெட்ஸ் அணியில் இவரோடு இருந்த டாம் சீவர் 311 வென்று 205 தான் தோற்றார். சை யங் மூன்று.

டெக்சாஸ்காரன்:
பதில் 1987. ஆஸ்ட்ரோஸ் அணியில் 8 வெற்றி, 16 தோல்வி. அதே ஆண்டு நேஷனல் லீகிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் பொறுப்பில் கொடுத்த சராசரி ரன்) இவருடையது, 2.76. ஸ்ட்ரைக்அவுட்டிலும் இவர்தான் முதல், 270. ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன் கூடக் கொடுக்காத ஆள் எப்படி 16 தோற்பார்? கூட ஆடியவர்கள் ரன் எடுத்துத் தரவில்லை. பழி மட்டும் இவர் தலையில்.

கணக்குப்புலி:
சரி, அந்த 16-ஐத் தள்ளுபடி செய்கிறேன். மீதி 276. அதற்கும் கூட ஆடியவர்கள்தான் காரணமா?

மூன்றாம் பேஸ்:
வாக் (நான்கு பந்து குறி தவறினால் மட்டையாளருக்குக் கிடைப்பது) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! 2,795. அடுத்த இடத்தில் இருக்கும் ஸ்டீவ் கார்ல்ட்டன் 1,833 தான். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாலே முதல் பேஸ் இலவசம். தோல்விக்கு அவரும் கொஞ்சம் உழைத்திருக்கிறார்.

டெக்சாஸ்காரன்:
நீங்களும் வந்தாச்சா? பழைய பிட்சர் கூஃபாக்ஸ் பற்றிய இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதவில்லையா?

மூன்றாம் பேஸ்:
கூஃபாக்ஸுக்கு 12 சீசனில் 3 சை யங், மூட்டுவாதத்தால் 30 வயதிலேயே ஓய்வு. அங்கே நான் சொன்னதில் ஓர் எழுத்து தவறில்லை. பாதியில் காணாமல் போனது நீங்கள்.

டெக்சாஸ்காரன்:
வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள் ஐயா. விஷயத்துக்கு வருவோம். 1973-இல் 383 ஸ்ட்ரைக்அவுட். 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இதைத் தாண்டியவர் இல்லை. 21 வெற்றி, இரண்டு நோ-ஹிட்டர். விருது போனது ஜிம் பால்மருக்கு. அன்றைக்கு வாக்களித்தவர்கள் வெற்றி தோல்வியைத்தான் எண்ணினார்கள். 2018-இல் ஜேகப் டிக்ராம் 10 வெற்றி, 9 தோல்வி (10-9) என்ற கணக்கிலேயே சை யங் வாங்கிவிட்டார். அப்படிப் பார்த்தால் 1987-இல் யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்? ஸ்டீவ் பெட்ரோசியன் என்ற ரிலீவருக்கு (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கும் பிட்சர்) கொடுத்தார்கள்! அப்புறம் இன்னொன்று: அதிக ஆட்டங்கள் தோற்ற பிட்சர் யார் தெரியுமா? அந்த விருதுக்குப் பெயர் தந்த சை யங்கேதான். 300-க்கு மேல். அவரும் கட்டுக்கதையா?

கணக்குப்புலி:
அவர் 511 வென்றவர். 511 வென்றால் 300 தோற்கலாம். 324 வென்றவர் 292 தோற்கலாமா? 1973-இல் பால்மர் 22-9, ஈ.ஆர்.ஏ. 2.40. உங்கள் ஆள் 21-16, 2.87. அநியாயம் எங்கே நடந்தது, காட்டுங்கள்.

புதுவரவு:
அண்ணே, 1993-இல் எதிரணி மட்டையாளர் ராபின் வென்ச்சுராவைப் பிடித்துக் குத்தியவர் இவர்தானே? அந்த வீடியோ சூப்பர்!

டெக்சாஸ்காரன்:
இவரேதான் தம்பி. இவருக்கு 46, அவருக்கு 26. எங்கள் ஊரில் இப்போதும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

மூன்றாம் பேஸ்:
முதலில் பந்தால் அடித்தது யார் என்றும் தம்பிக்குச் சொல்லுங்கள். வென்ச்சுராவை வெளியே அனுப்பினார்கள், இவர் நின்று வீசினார். நடுவர்களும் டெக்சாஸ்காரர்கள் போல.

டெக்சாஸ்காரன்:
ஊரை இழுக்காதீர்கள். மைதானத்தில் பாதி தூரம் ஓடிப்போய் வம்புக்கு நின்றவர் வென்ச்சுரா.

கணக்குப்புலி:
292.

டெக்சாஸ்காரன்:
கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லுங்கள். 1999-இல் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் புகழ் மண்டபம்) தேர்தலில் 497 பேரில் 491 பேர் இவருக்கு வாக்களித்தார்கள். மிச்ச ஆறு பேரில் நீங்களும் ஒருவரோ?

கணக்குப்புலி:
கேலி பதிலாகாது. நாளை ஆண்டுவாரியாகப் போடுகிறேன், ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் சொல்லுங்கள்.

டெக்சாஸ்காரன்:
தாராளமாக. அந்தந்த ஆட்டத்தில் அவருடைய அணி எத்தனை ரன் எடுத்தது என்பதையும் பக்கத்தில் போடுங்கள், பார்க்கலாம்.

மூன்றாம் பேஸ்:
வாக் எத்தனை என்பதற்கும் ஒரு பத்தி விடுங்கள்.