ஹாபரா, போர்ட்டா? திருகோணமலைக்காரரின் அனுபவங்கள்

உட்துறைமுக வீதிக்காரன்:

கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் எழுத்து வேலை பார்க்கிறேன். நாம் துறைமுகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை ஆங்கிலத்தில் ஹாபர், போர்ட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பவர்கள் ஒரு தடவை சரக்குக் கப்பலின் கடதாசிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஏற்றிய இடம் போர்ட் ஒவ் லோடிங், இறக்கும் இடம் போர்ட் ஒவ் டிஸ்சார்ஜ். அந்தக் கட்டங்களில் மருந்துக்கும் ஹாபர் வராது. ஆனால் அதே கப்பல் பத்திரமாக உள்ளே வர ஒழுங்கு செய்கிறவர் ஹாபர் மாஸ்டர். அவர் இருப்பதோ போர்ட்ஸ் ஒத்தோரிட்டியில்!

கொழும்பிலிருந்து புதிதாக வந்த பெடியன் ஒருவன் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய ஹாபர், கப்பலைக் காணோமே?” என்றான். எங்கள் பெரியவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: “ஹாபர் தாராளமாக இருக்கு தம்பி. போர்ட்தான் காணாது.”

விஷயம் அவ்வளவுதான். காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிக் கப்பல் நிற்கக்கூடிய தண்ணீர் ஹாபர். ஜெட்டி, கிரேன், கிடங்கு, சுங்கம் என்று மனிதன் நடத்துகிற ஏற்றுமதி இறக்குமதி போர்ட். கொட்டியாரக்குடாவை ஒட்டிய ஆழமான ஹாபரை நமக்கு இயற்கையே தந்துவிட்டது. கொழும்பில் அந்த வசதி இல்லை. 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் அலைதடுப்புச் சுவரை முடித்த பிறகுதான் அங்கே கப்பல்கள் நிம்மதியாக நின்றன. ஆனாலும் தேயிலைத் தோட்டங்களும் வியாபாரமும் கொழும்புப் பக்கம் இருந்ததால் போர்ட் அங்கேதான் வளர்ந்தது. இங்கே பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. இப்போது சீனன்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது, சீமெந்துக்கு மூலப்பொருள் வருகிறது, அஷ்ரப் ஜெட்டியிலும் கொஞ்சம் வேலை நடக்கிறது. பெரியவர் சொன்னதில் பிழை இல்லை.

உவர்மலை டீச்சர்:

என் டியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை ஆங்கிலப் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாள். குற்றவாளியை ஒளித்து வைத்த ஒருவர் ஹாபரிங் குற்றத்துக்காகக் கைதாம். “டீச்சர், கள்ளனுக்குத் துறைமுகம் கட்டிக் குடுத்தவரோ?” வகுப்பே சிரித்தது. நல்ல கேள்விதான். ஹாபரை வினைச்சொல்லாகப் போட்டால் அடைக்கலம் கொடுப்பது. மனதுக்குள் வன்மம் வைத்திருப்பதற்கும் அதே வினைதான். போர்ட்டுக்கு இந்தக் குணம் இல்லை, யாரையும் அதற்குள் ஒளிக்க முடியாது. பழைய ஆங்கிலத்தில் ஹாபருக்கு மூலமான சொல் படை தங்கும் இடத்தைக் குறித்தது. போர்ட்டோ லத்தீனிலிருந்து வந்தது. நேவி இத்தனை காலம் குடியிருந்த ஊருக்குப் பழைய பொருளே பொருந்துகிறது என்றேன். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை, கள்ளன்தான் ஏறினான்.

மூதூர் லோஞ்சுக்காரன்:

திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரரை ஏற்றிப் போவோம். ஒருநாள் ஒருவர் “போர்ட் சைட்!” என்று கத்த, அண்ணன் போட்டைக் கரைப்பக்கம் திருப்பிவிட்டார். அந்த மனிதர் சொன்னது இடப்பக்கம். திமிங்கிலம் அதற்குள் முங்கிவிட்டது. பிறகு விசாரித்தேன். அந்தக் காலத்துக் கப்பலில் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருக்குமாம், அதனால் இடப்பக்கத்தைத்தான் கரைக்குக் கொடுப்பார்களாம். இடப்பக்கத்துக்கு முன்பிருந்த பெயர் லார்போர்ட். அது வலப்பக்கத்தைக் குறிக்கும் ஸ்டார்போர்டுடன் காதில் குழம்புகிறது என்று 1844இல் பிரித்தானியக் கடற்படை போர்ட் என்று மாற்றியது. ஹாபர் சைட் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கொரு சந்தேகம். கொட்பேயில் மீன் இறக்குகிறார்கள், ஐஸ் ஏற்றுகிறார்கள், ஏலம் கூறுகிறார்கள். பிறகு ஏன் அது பிஷரி ஹாபர்?

உட்துறைமுக வீதிக்காரன்:

கடல் குழம்பினால் போட்டுகள் ஒதுங்கி நிற்பதுதான் அங்கே முதல் தேவை, அதனால் இருக்கலாம். மற்றபடி பெயர் வைத்தவர்களுக்கே வெளிச்சம்.