போர்ச்சுகீஸ் ‘கொமினார்’ என்றால் தண்டனை விதிப்பதா? உச்சரிப்பும் தெரிய வேண்டும்

புதுமாணவன்: பிரேசில் குற்றவியல் சட்டத்தின் (1940) 121ஆம் பிரிவு, கொலை பற்றியது. அதற்கான விளக்கக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன். அதில் ‘பேன கொமினாத’ என்று வருகிறது (‘பேன’ தண்டனை; ‘கொமினாத’ என்பது ‘கொமினார்’ என்ற வினையிலிருந்து வந்த வடிவம்). ‘விதிக்கப்பட்ட தண்டனை 6 முதல் 20 ஆண்டு சிறை’ என்று எழுதினேன். சரிபார்ப்பவர், “யாருக்கு விதித்தார்கள்? இங்கே வழக்கே இல்லையே!” என்று சுழித்து அனுப்பிவிட்டார். அகராதியிலும் ‘தண்டனை விதி’ என்றுதான் இருக்கிறது. என்ன தவறு?

வெட்டிப்பேச்சு: உச்சத்தை எட்டுவது என்று பொருள் இல்லையா?

பழைய குமாஸ்தா: அது ‘குல்மினார்’, நடுவில் ஓர் எல் உண்டு. இது சி-ஓ-எம்-ஐ-என்-ஏ-ஆர். லத்தீனில் மிரட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வேலையும் அதேதான்: ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்று சட்டம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. அதே சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். சட்டம் முன்பே ‘கொமினார்’ செய்யாத தண்டனை கிடையாது என்கிறது. 1988 அரசியலமைப்பின் 5ஆம் பிரிவிலும் இதே விதி உண்டு. தீர்ப்பில் ஒரு குற்றவாளிக்கு நீதிபதி இத்தனை ஆண்டு என்று தருவது ‘அப்ளிகார்’. உங்கள் ‘விதிக்கப்பட்ட’ அதற்குத்தான் பொருந்தும். இங்கே ‘சட்டம் வகுத்துள்ள தண்டனை’ என்று போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நீதிபதியும் ‘கொமினார்’ செய்வதுண்டு. உரிமையியல் வழக்கில், ‘உத்தரவை மீறினால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம்’ என்பார். அதுவும் மிரட்டல்தானே.

புதுமாணவன்: அப்பாடா! சரி, உச்சரிப்பு? ‘கோமினர்’ என்றே படித்துவந்தேன்.

கடற்காகம்: அழுத்தம் கடைசி அசையில்: கொமி-னார். ரியோவில் கடைசி ‘ர்’ தொண்டையில் கரைந்து ‘கொமினாஹ்’ போலக் கேட்கும். போர்ச்சுகலில் அழுத்தமில்லாத ‘ஒ’ மெலிந்து ‘உ’ ஆகும்: ‘குமினார்’. அங்கே காதால் மட்டும் கேட்டால் வெட்டிப்பேச்சு மாதிரி குழம்புவது சுலபம்! ‘அவன் செய்கிறான்’ என்ற வடிவில் அழுத்தம் நடுவுக்கு வரும்: கொ-மீ-ன.

அப்புறம், ‘பேன’ என்றால் தண்டனை மட்டுமல்ல, இறகும்கூட. நாம் சட்டைப் பையில் செருகும் பேனா அந்த இறகிலிருந்து வந்ததுதான்.

புதுமாணவன்: மாற்றி அனுப்பினேன், சுழி இல்லை. ‘வகுத்துள்ள’ பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டிருக்கிறார்.