கூடை முடையும் தொழிலுக்கான கிராம அருங்காட்சியகம்: எதை முதலில் காட்ட வேண்டும்?

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூடை முடையும் தொழிலுக்கென ஒரு கிராமத்தில் அருங்காட்சியகம் அமைத்தால், முடித்த கூடைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி வைப்பதோடு அது நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தொழிலின் அறிவில் பெரும்பகுதி கூடை உருவாவதற்கு முன்பே விளார் எனும் மெல்லிய குச்சியிலும் கையிலும் செலவாகிவிடுகிறது. முடிந்த பொருளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

இத்தொழிலின் தொன்மையைக் காட்டுவதே கடினம், ஏனெனில் கூடை மக்கிப்போகும் பொருள். யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் கிடைத்து, 2021இல் அறிவிக்கப்பட்ட மூடியுள்ள கூடை ஏறத்தாழ 10,500 ஆண்டுகள் பழமையானது; ஸ்பெயினின் ஆல்புன்யோல் அருகிலுள்ள வௌவால் குகையின் கூடைகளில் சில சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தையவை. இரண்டையும் காத்தது குகையின் வறட்சிதான். மற்ற இடங்களில் ஈரமண்ணிலும் பானையிலும் பதிந்த பின்னல் தடங்களே பெரும்பாலும் எஞ்சுகின்றன. ஆகவே அத்தகைய தடத்தின் அச்சு ஒன்றை நுழைவாயிலிலேயே வைக்கலாம்.

அடுத்த அறை முழுவதையும் விளாருக்கே கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் வில்லோ என்ற மரத்தின் விளார்களை இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டி, நீளத்துக்கேற்ப வகைப்படுத்திக் கட்டுகிறார்கள். பட்டையோடு உலர்த்தினால் அது பழுப்பு விளார். அதைப் பல நாள் நீரில் ஊறவைத்த பிறகே வளைக்க முடியும். கட்டுகளை ஆழமில்லா நீரில் நிறுத்தி, வசந்தத்தில் உயிர்ச்சாறு ஏறியதும் பட்டையை உரித்தால் வெள்ளை விளார் கிடைக்கும். பட்டையோடு பல மணி நேரம் வேகவைத்தால் பட்டையின் துவர்ப்புச் சத்து மரத்தில் இறங்கி, உரித்த பின் செம்மஞ்சள் நிறம் நிலைக்கும். ஒரே செடியிலிருந்து வரும் இம்மூன்றையும் அருகருகே வைத்துப் பார்வையாளர் தொட்டுப் பார்க்க அனுமதித்தால், நீண்ட விளக்கப் பலகைகள் தேவைப்படா. பின்னலை அடித்து இறுக்கும் இரும்பையும், விளாரை மூன்று கீற்றாகப் பிளக்கும் உள்ளங்கையளவு மரக் கருவியையும் அங்கேயே வைக்கலாம்.

பயன்பாட்டுப் பகுதியில் அழகுக் கூடைகளைக் குறைத்து உழைப்புக் கூடைகளைக் கூட்ட வேண்டும். மீனும் உருளைக்கிழங்கும் நிலக்கரியும் கூடையில்தான் சென்றன. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளும் தூதுப் புறாக்களும்கூட விளார்க் கூடைகளில் பயணித்தன. பின்னர் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் வெப்பக்காற்றுப் பலூனின் கூடை இன்றும் பெரும்பாலும் கையால் முடைந்ததே, ஏனெனில் தரையிறங்கும் அதிர்ச்சியை அது உடையாமல் வளைந்து தாங்கிக்கொள்கிறது.

தொழிலாளர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் விட்டுவிடலாகாது. பிரான்சின் வில்லேன்-லே-ரோஷே கிராமத்தில் 1849இல் பங்குத்தந்தை ஒருவரின் முயற்சியால் முடைவோர் கூட்டுறவு தொடங்கியது. அதே நாட்டின் ஃபேல்-பியோவில் 1905இலும், ஜெர்மனியின் லிக்டென்ஃபெல்ஸில் 1904இலும் முடைதல் பள்ளிகள் எழுந்தன. லிக்டென்ஃபெல்ஸுக்கு அருகிலுள்ள மிக்கேலாவ் கிராமத்திலேயே ஜெர்மனியின் கூடை அருங்காட்சியகம் இருக்கிறது. தொழிலைக் கற்றுத்தரும் இடம் பக்கத்தில் இருந்தால்தான் அருங்காட்சியகத்துக்கு உயிர் இருக்கும் என்று நான் நம்புகிறேன். அதனால் நாள்தோறும் ஒருவர் அமர்ந்து முடையும் பட்டறையும், பாதி முடைந்த நிலையில் தொட்டு ஆராயத்தக்க கூடைகளும் கட்டாயம் வேண்டும். பழைய கூடைகளை மட்டும் கடும் வெளிச்சத்திலிருந்தும் மிகையான வறட்சியிலிருந்தும் பூச்சியிலிருந்தும் விலக்கித் தனி அறையில் காக்க வேண்டும்.

இத்தகைய திட்டத்தில் கட்டடத்துக்கு முன்பே விளார்த் தோட்டத்தை நட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். வெட்டிய குச்சியை மண்ணில் ஊன்றினாலே வில்லோ வேர்விடும். ஆனால் நல்ல அறுவடைக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் பிடிக்கும்.