கல்யாண லைவில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, தொலைந்த பாக்கெட்டை மீட்க முடியுமா?

மண்டபவாசி:
கல்யாண வீடியோ எடுக்கிறேன், கேட்பவர்களுக்கு லைவும் போட்டுக் கொடுக்கிறேன். லேப்டாப்பில் ஓபிஎஸ் (லைவ் அனுப்பும் மென்பொருள்), 4ஜி டாங்கிள், மும்பையில் ஒரு வாடகை சர்வர், அங்கிருந்து யூடியூப். முதலில் ஆர்டிஎம்பி என்ற வழக்கமான லைவ் முறையில் அனுப்பினேன், நெட் தடுமாறினால் படம் நின்றுவிடும். சரி என்று, வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பிக்கொண்டே போகும் யூடிபிக்கு மாறினேன். இப்போது நிற்பதில்லை, ஆனால் போன வாரம் சரியாகத் தாலி கட்டும்போது மாப்பிள்ளை முகம் பச்சைக் கட்டங்களாகி இரண்டு விநாடி அப்படியே இருந்தது. துபாயில் இருக்கும் பெண்ணின் சித்தப்பா போனில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். 720பி, 4000 கேபிபிஎஸ் (விநாடிக்கு 4000 கிலோபிட்). தொலைந்த டேட்டாவை வழியிலேயே மீட்க ஏதாவது இருக்கிறதா?

பழைய_கேபிள்காரன்:
வீடியோ சின்னச் சின்னத் துண்டுகளாக, பாக்கெட்டுகளாகத்தான் போகும். வெறும் யூடிபியில் போனது போனதுதான் தம்பி, யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆர்டிஎம்பி டிசிபி என்ற முறையின் மேல் ஓடுவது, ஒரு பாக்கெட் வராவிட்டால் அது வரும்வரை பின்னால் இருப்பதெல்லாம் வரிசையில் நிற்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: காணாததைக் கேட்க வேண்டும், ஆனால் ஒரு கெடுவுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அதுதான் எஸ்ஆர்டி. 2017 முதல் ஓப்பன் சோர்ஸ், ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது.

ஒரு பாக்கெட்டில் 1316 பைட், 4000 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்குச் சுமார் 380 பாக்கெட். நூற்றுக்கு ஒன்று விழுந்தாலே விநாடிக்கு நான்கு ஓட்டை. அதோடு அடுத்து வரும் ஃப்ரேம்கள் முந்தையதைப் பார்த்துத்தான் வரையப்படுகின்றன, அதனால் ஒரு ஓட்டை அடுத்த கீஃப்ரேம் (முந்தையதைப் பார்க்காமல் முழுதாக வரும் படம்) வரை இழுத்துக்கொண்டே போகும். உங்கள் கீஃப்ரேம் இடைவெளி 2 விநாடியாக இருக்கும், மாப்பிள்ளை இரண்டு விநாடி பச்சையாக நின்ற கணக்கு அதுதான்.

எஸ்ஆர்டியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எண் உண்டு. 4, 5, 7 என்று வந்தால் சர்வர் 6-ஐக் கேட்கும், அதுவரை மற்றதைக் கையில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பதுதான் லேட்டன்சி. சர்வருக்குப் பிங் போட்டு (போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்த்து), வரும் எண்ணைப் போல நான்கு மடங்கு வையுங்கள். தானாக வரும் 120 மில்லிசெகண்ட் 30 பிங்குக்குத்தான் தாங்கும். 4ஜி குதிக்கும் என்பதால் நான் 800 வைப்பேன். யூடியூபே பல விநாடி பின்னால்தான் ஓடுகிறது, இதில் ஒரு விநாடி கூடினால் சித்தப்பாவுக்குத் தெரியப் போவதில்லை.

மண்டபவாசி:
அண்ணே, நேற்று ஒரு நிச்சயதார்த்தத்தில் 800 என்று போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தேவலாம், ஆனால் கட்டம் இன்னும் வருகிறது. பிங் 70 முதல் 110 வரை.

லாக்_பார்ப்பவன்:
800 என்று எங்கே போட்டீர்கள்? ஓபிஎஸ் முகவரியில் என்றால், அங்கே லேட்டன்சி மைக்ரோசெகண்டில் போக வேண்டும். நீங்கள் போட்டது ஒரு மில்லிசெகண்ட்கூட இல்லை. இரு முனையில் எது பெரிதோ அதுதான் செல்லும், அதனால் உங்கள் சர்வரின் 120 ஜெயித்திருக்கும். 800000 போடுங்கள். நானும் இதில் ஒரு முழு நாள் தொலைத்திருக்கிறேன்.

வயர்மேன்:
திரும்பக் கேட்டு வாங்குவதைவிட, முன்கூட்டியே உபரி பாக்கெட் சேர்த்து அனுப்பும் எஃப்இசி மேல் என்பேன். பத்து பாக்கெட்டை எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் சேர்க்கும் கணக்கு) செய்து பதினொன்றாவதாக ஒன்றை அனுப்பினால், பத்தில் எது ஒன்று விழுந்தாலும் மீதியை வைத்துக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம், பிங் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. தொடர்ச்சியாகப் பத்து விழுந்தால்? 10க்கு 10 கட்டமாக அடுக்கி நெடுக்கு வரிசைக்கும் ஒவ்வொன்று சேர்த்தால், விழுந்த பத்தும் ஆளுக்கொரு வரிசையில் இருக்கும், எல்லாம் திரும்பி வரும். டிவிக்காரர்கள் 2007லேயே இதை எஸ்எம்பிடிஇ 2022-1 என்று தரமாக்கிவிட்டார்கள். எஸ்ஆர்டியிலும் 1.4 பதிப்பிலிருந்து இருக்கிறது.

பழைய_கேபிள்காரன்:
வயர்மேன் சொல்வது கணக்குப்படி சரி, சாட்டிலைட் மாதிரி திரும்பக் கேட்கவே முடியாத வழிக்கு அதுதான் ஒரே வழி. ஆனால் மண்டபத்தில் பாக்கெட் ஏன் விழுகிறது என்று பாருங்கள். முகூர்த்த நேரத்தில் ஐந்நூறு பேர் ஒரே டவரில் ஸ்டேட்டஸ் ஏற்றுகிறார்கள். நிரம்பி வழியும் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் 20 சதவீதம் வண்டியை விட்டால் நெரிசல்தான் கூடும். திரும்ப அனுப்புவதில் ஓட்டை விழுந்தால் மட்டும்தான் செலவு. அதற்கும் கால்பங்கு இடம் காலியாக வைக்க வேண்டும், 4000 அனுப்ப 5000 அப்லோடு வேண்டும். காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத மண்டபத்தில் எடுத்த ஸ்பீட் டெஸ்டை நம்பாதீர்கள். முதலில் 2500க்கு இறங்குங்கள், முடிந்தால் வேறு நிறுவன சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, சர்வருக்கு வராத பாக்கெட்டை யூடியூபோ பார்ப்பவர் போனோ மீட்கவே முடியாது. உடைந்த படத்தைத்தான் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

மண்டபவாசி:
இன்று காலை முகூர்த்தம் முடிந்தது. 2500 கேபிபிஎஸ், 800000. சர்வர் கணக்கில் மூன்று மணி நேரத்தில் தொலைந்தது 6140 பாக்கெட், கெடுவுக்குள் வராமல் கைவிட்டது 11. அந்தப் பதினொன்றும் பந்தி நடக்கும்போது. யாரும் போன் செய்யவில்லை.