முன்பக்கம் கறுப்பாக்கியதிலிருந்து டாஷ்போர்டில் எச்சரிக்கை, குரூஸ் வேலை செய்யவில்லை – அவசரம்

கடலோரம் (புதன், மாலை 6.10)
வணக்கம். புது வண்டி எடுத்து மூன்று கிழமை. ஓட்டம், உள்பக்கம் எல்லாம் மிகவும் பிடித்திருக்கிறது. முன்முகம் மட்டும் முதல் நாளிலிருந்தே ஒத்துவரவில்லை, வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. நேற்று ஒரு ஸ்டிக்கர் கடையில் கொடுத்து முன்பக்கம் முழுக்கக் கறுப்பாக்கினேன். பார்க்க நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் கொழும்பு–காலி வீதியிலேயே மஞ்சள் எச்சரிக்கை வந்துவிட்டது, குரூஸ் (முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானாகப் பிடித்துப் போகும் வசதி) போட்டால் எடுக்கவில்லை. நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் போகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி வருகிறது. சனிக்கிழமை அம்மாவை மாத்தறைக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன செய்யலாம்?

பழைய கரோலா (6.24)
என்ன வண்டி என்று எழுதவில்லையே. எந்த வருடம், ஹைபிரிட்டா பெட்ரோலா, எச்சரிக்கையில் என்ன வாசகம்? முக்கியமாக, "முன்பக்கம் முழுக்க" என்றால் நடுவில் இருக்கும் சின்னத்தின் மேலும் ஒட்டினார்களா? ஒரு படம் போடுங்கள்.

மீற்றர் போர்ட் (6.31)
என் அனுபவத்தில் இப்படி வந்துவந்து போகும் எச்சரிக்கைக்கு முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பற்றரி. ஹைபிரிட் என்றால் என்ஜினைச் சுழற்றுவது பெரிய பற்றரிதான், சின்னது கணினிகளை எழுப்புவதோடு சரி, அதனால் அது நலிந்துபோனது ஸ்டார்ட் பண்ணும்போது தெரியவே வராது. புது வண்டி என்றாலும் கப்பலிலும் யார்டிலும் மாதக்கணக்கில் நின்றிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டும்போது கதவுகளைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் வேலை செய்திருப்பார்கள், அதில் இறங்கியிருக்கும். மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள், வண்டி அணைந்திருக்கும்போது 12.4க்குக் கீழே காட்டினால் சந்தேகம்தான்.

ஹரியர்காரன் (6.48)
தப்பாக எடுக்காதீர்கள், முகம் பிடிக்கவில்லை என்றால் ஏன் வாங்கினீர்கள்? வாகனத்தில் நாம் முதலில் பார்ப்பதே முகத்தைத்தானே. இப்போது வரும் சொகுசு கிராஸ்ஓவர் எல்லாவற்றிலும் கிரில் (முன்னால் காற்று போகும் துளைத் தட்டி) பம்பரின் அடிவரை இறங்கிவிட்டது. என்னுடையது பழைய டொயோட்டா ஹரியர், 1997இல் வந்த முதல் தலைமுறை. ஒரு சின்னக் கிரில், இரண்டு விளக்கு, அவ்வளவுதான், இன்றைக்கும் பம்பலப்பிட்டியில் நிறுத்தினால் ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கடலோரம் (7.35)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350எச், வெள்ளை. முன் ராடாரைச் சுத்தம் செய்யச் சொல்லி ஒரு வாசகம் வருகிறது. துணியால் துடைத்தேன், மாற்றமில்லை. சின்னத்தின் மேலும் ஒட்டியிருக்கிறது, அது மட்டும் வெள்ளியாக மினுங்கினால் நன்றாக இராது என்று நான்தான் ஒட்டச் சொன்னேன். முகம் பிடிக்காவிட்டாலும் வாங்கினேன், ஏனென்றால் அம்மாவுக்கு ஏறி இறங்க அதன் இருக்கை உயரம் சரியாக இருந்தது.

இருபது வருட கராஜ் (7.52)
தம்பி, கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. ராடார் மூடியிலும் சுற்றுப்புறத்திலும் ஸ்டிக்கர் ஒட்டாதே, ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் கூட வேண்டாம் என்று அதில் தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள். இங்கே எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை.

நீங்கள் சின்னம் என்று நினைப்பதுதான் ராடாரின் ஜன்னல். பின்னால் இருக்கும் பெட்டி முன்வண்டியின் தூரத்தை அளக்க 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலை அனுப்புகிறது, குரூஸ் அதை நம்பித்தான் ஓடுகிறது, அலைநீளம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்தான். அவ்வளவு சின்ன அலை என்பதால் முன்னால் நிற்கும் பிளாஸ்டிக்கின் தடிப்பையே அதற்குப் பொருத்தமாகக் கணக்குப் பண்ணிச் செய்வார்கள். வெள்ளி மினுக்கம் கூட சாதாரண குரோம் முலாம் கிடையாது, குரோம் பூசினால் அலை அங்கேயே திரும்பிவிடும். இந்தியம் என்ற உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத தனித்தனித் திட்டுகளாகப் படியவிடுகிறார்கள், கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி மினுங்கும், திட்டுகளுக்கு இடையால் அலை போய்வரும். இப்படிச் செய்த ஒன்றின் மேல் கடைக்காரன் ஒரு படலமும் பசையும் கூட்டினால், அதில் உலோகத்தூள் கலந்திருந்தால் இன்னும் மோசம், ராடாருக்கு முன்னால் சேறு அப்பியது போலத்தான். பற்றரிக் கதையை விடுங்கள்.

மீற்றர் போர்ட் (8.03)
பற்றரியைப் பார்க்கச் சொன்னதில் என்ன தவறு? அவர் வண்டி என்னவென்றே சொல்லாத நேரத்தில் எழுதியது அது. இப்போதும் சொல்கிறேன், ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுவது நல்லது.

கோடும் நிறமும் (8.20)
ராடார் விஷயம் தெளிவாகிவிட்டது என்று நினைக்கிறேன், அதனால் முகத்தைப் பற்றி. அந்த முகம் குழப்பமாக இருக்கிறது என்று கடலோரம் சொல்வது விளங்குகிறது, ஆனால் அது வேண்டுமென்றே செய்த காரியம். முந்தைய ஆர்எக்ஸில் கிரில்லைச் சுற்றி ஒரு சட்டம் இருந்தது. 2022இல் காட்டிய இந்த ஐந்தாம் தலைமுறையில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பொனட்டின் நிறம் கீழே இறங்கி கிரில்லின் மேல் துளைகளுக்குள் போய், துளைகள் பெரிதாகப் பெரிதாக நிறம் குறைந்து கறுப்பாகிறது. ஒரு சேலையில் கரையைத் தனியாக வைக்காமல் உடலின் நிறமே மெல்ல மெல்லக் கரையாக மாறும்படி நெய்தால் எப்படி இருக்கும், அதுதான் இது. தொடக்கம் முடிவு தெரியவில்லை என்று உங்களுக்குப் பட்டதே, அதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

வெள்ளையில் இந்த மாற்றம் பளிச்சென்று வெட்டித் தெரியும், மத்தியான வெயிலில் இன்னும் கூடுதலாக. கடும் சாம்பல் நிறத்தில் ஒன்றை மரைன் டிரைவில் மாலை ஆறு மணிக்குப் பார்த்தேன், பொனட்டிலிருந்து பம்பர் வரை ஒரே தண்ணீர் இறங்கியது போல இருந்தது, நின்று பார்த்தேன். அதன் மேல் முழுக் கறுப்பை ஒட்டினால் அந்த இறக்கம் போய்விடும், நீங்கள் வெறுத்த அதே பெரிய வாய் ஓரத்துடன் திரும்ப வந்துவிடும். தயவுசெய்து ஒருமுறை எட்டடி தள்ளி நின்று பாருங்கள்.

ஹரியர்காரன் (8.41)
அக்கா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு முகத்தை விளங்கிக்கொள்ள இவ்வளவு விளக்கம் தேவைப்பட்டால் அது முகத்தின் குறைதான். ஆர்எக்ஸும் ஹரியரும் ஒரே வண்டியாக இருந்த காலத்தில், அதாவது முதல் இரண்டு தலைமுறையில், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2012இல் வந்த ஜிஎஸ் என்ற லெக்ஸஸ் காரில் அந்தக் "கதிர்" (நூல் நூற்கும் ஸ்பிண்டில்) கிரில் வந்தது, பிறகு எல்லா லெக்ஸஸும் அந்த அச்சில்தான்.

நெசவாளி பேரன் (9.02)
கதிர் என்ற பெயருக்குக் காரணம் இருக்கிறதே. லெக்ஸஸ் டொயோட்டாவுடையதுதானே, டொயோட்டாவின் தொடக்கமே தானியங்கித் தறி, 1926இல் தறி செய்யும் கம்பனியாகத்தான் அந்தக் குடும்பத் தொழில் நிலைபெற்றது. அந்த நினைவைத்தான் முகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

கோடும் நிறமும் (9.10)
கதை நல்ல கதை, ஆனால் தறியில் ஓடுவது நாடா, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை. கதிர் இருப்பது நூல் நூற்கும் இடத்தில்.

நெசவாளி பேரன் (9.18)
எனக்கு நாடா தெரியாதா? தாத்தா தறியில் இருக்கும்போது பக்கத்தில் இருந்து நாடாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்த பிள்ளை நான். நூற்பும் நெசவும் ஒரே தொழிலின் இரண்டு கை. கதிர் இல்லாமல் நாடாவுக்கு நூல் எங்கிருந்து வரும்?

ஹரியர்காரன் (9.25)
எதுவாக இருந்தாலும், நூல் சுற்றிய கதிர் நடுவில் பருத்திருக்கும். இவர்கள் வைத்தது மேலும் கீழும் விரிந்து நடுவில் ஒடுங்கியது. அது உடுக்கை.

நெசவாளி பேரன் (9.33)
உடுக்கை என்பதை ஒத்துக்கொள்கிறேன். வடிவம் அதுதான்.

பழைய கரோலா (9.40)
கடலோரம், இவர்கள் கதைப்பது கதைக்கட்டும். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டும்போது சின்னத்தையோ பம்பரையோ கழற்றினார்களா, அல்லது அப்படியே மேலே ஒட்டினார்களா? நம்பர் பிளேட்டை இடம் மாற்றினார்களா? கழற்றியிருந்தால் ஸ்டிக்கரை உரிப்பதோடு வேலை முடியாது. ராடார் ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் திரும்பினாலும் 100 மீற்றர் தூரத்தில் 1.75 மீற்றர் விலகிப் பார்க்கும், அதிவேகப் பாதையில் அது ஒரு லேனின் பாதி. உங்களுக்கு முன்னால் போகும் வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்து லேனில் போவதைப் பிடித்துக்கொள்ளலாம். எச்சரிக்கை அணைந்துவிட்டது என்பதால் மட்டும் நேராகப் பார்க்கிறது என்று ஆகாது.

மின்வண்டி (9.58)
இந்த ராடார், கமரா எல்லாம் வந்த பிறகு கிரில் என்பதே வேறு பொருள் ஆகிவிட்டது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், மின்சார வண்டி, காற்று போகத் தேவையே இல்லாததால் கிட்னியை (சிறுநீரக வடிவில் இருக்கும் அதன் இரட்டைக் கிரில்லை) மூடிவிட்டு உள்ளே ராடாரும் கமராவும் வைத்திருக்கிறார்கள். சின்னக் கீறல் விழுந்தால் தானாக ஆறும் மேற்பூச்சு வேறு. என்னைக் கேட்டால் மின்சார வண்டிக்கு அந்த வடிவமே தேவையில்லை, சுத்தமாக மழித்த முகம்தான் நேர்மை.

ஹரியர்காரன் (10.07)
1933இல் 303 மாதிரியோடு வந்த கிட்னி அது. தொண்ணூறு வருடத்து முகத்தை மழித்துவிட்டால் பிறகு எதை வைத்து அடையாளம் காண்பது? பெரிதாக்கியது பிழை, வைத்தது பிழை இல்லை.

இருபது வருட கராஜ் (10.15)
கேட்டவர் வண்டி ஹைபிரிட். அதற்கு என்ஜின் இருக்கிறது, ரேடியேட்டர் இருக்கிறது, காற்று வேண்டும். கிரில்லின் துளைகளுக்குள்ளும் ஸ்டிக்கரை மடித்து அடைத்திருந்தால் அதையும் பாருங்கள் தம்பி. கொழும்பு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊரும்போது அந்தத் துளைகள் திறந்திருக்க வேண்டும்.

பஞ்சிகாவத்தைப் பக்கம் (10.32)
உரிக்கும் முறையை யாரும் சொல்லவில்லை. நிழலில் நிறுத்துங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் போதும், ஹீட் கன் வேண்டவே வேண்டாம், சின்னத்தின் முகப்பு வளைந்துவிடும். கைவிரல் தாங்கும் சூட்டில் ஒரு மூலையைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரைத் தன் மேலேயே மடிப்பது போலத் தாழ்வாக இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் பசை அங்கேயே தங்கும். பிளேட் படக்கூடாது. தங்கிய பசைக்கு ஐசோபுரொப்பைல் அல்கஹோல், ஃபார்மசியில் கிடைக்கும், மெல்லிய துணியில் தொட்டுத் துடைக்கலாம். தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். சின்னம் கீறுப்பட்டால் வெளியே விற்கும் போலிச் சின்னம் வாங்கி மாட்டவும் வேண்டாம். பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் உள்ளே சாதாரண குரோம் இருந்தால் ராடார் குருடுதான்.

கோடும் நிறமும் (10.44)
முகம் உண்மையிலேயே உறுத்துகிறது என்றால் சின்னத்தையும் கிரில்லின் மேல்பகுதியையும் தொடாமல், பம்பரின் இரு ஓரத்திலும் கீழ் உதட்டிலும் மட்டும் கறுப்பு வைத்துப் பாருங்கள். அந்த ஓரங்களுக்குள் பார்க்கிங் சென்சர் இருக்கும் வட்டங்களை விட்டுவிட வேண்டும். வெள்ளை வண்டியின் கனம் கீழே இறங்கும், மேலே அந்தக் கரைதல் அப்படியே இருக்கும். பக்கவாட்டையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மொத்த நீளம் பழையதேதான், ஆனால் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை 60 மில்லிமீற்றர் கூட்டி 2,850 ஆக்கியதால் பின்பக்கம் தொங்கல் குறைந்து, வண்டி நான்கு காலையும் ஊன்றி நிற்பது போல இருக்கும். அந்த நிலைக்குத்தான் அப்படி இறங்கும் முகம் வேண்டியிருந்தது என்பது என் எண்ணம்.

பழைய கரோலா (வியாழன், காலை 7.15)
கடலோரம், சின்னத்தைக் கழற்றினார்களா? சனிக்கிழமைக்கு முன் சரிவராவிட்டால் வண்டியை ஓட்டலாம், ஆனால் முன்னால் மோதப்போகும்போது தானாகப் பிரேக் பிடிப்பதும் குரூஸோடு சேர்ந்து நின்றிருக்கும் என்று வைத்துக்கொண்டு, தூரம் கூட்டி ஓட்டுங்கள். மழை பெய்தால் இன்னும் கூட்டுங்கள்.

கடலோரம் (ஞாயிறு, இரவு 9.20)
எல்லாருக்கும் நன்றி. வியாழன் மாலையே டிரையரால் சின்னத்திலிருந்தும் கிரில்லிலிருந்தும் உரித்துவிட்டேன், எச்சரிக்கை பிறகு வரவில்லை. பற்றரி 12.6. மாத்தறை போய் வந்தோம், போகும்போதும் வரும்போதும் அதிவேகப் பாதையில் குரூஸ் போட்டேன். கீழ் உதட்டில் மட்டும் கறுப்பை விட்டிருக்கிறேன், அக்கா சொன்னது சரி, இப்போது கண்ணுக்குப் பழகி வருகிறது. அம்மாவுக்கு முதலிலேயே இருந்த முகம்தான் பிடிக்குமாம்.

பழைய கரோலா (ஞாயிறு, இரவு 9.31)
நல்லது. ஆனால் சின்னத்தைக் கழற்றினார்களா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லையே? குரூஸில் போகும்போது வளைவுகளில் முன்வண்டியை விட்டுவிட்டு வேகம் கூட்டியதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கழற்றியிருந்தால் இந்தக் கிழமைக்குள் ராடாரின் நேரை ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

பழைய கரோலா (புதன், காலை 8.05)
கடலோரம்?