குடும்பக் குழுவில்: அஞ்சு வயசுப் பிள்ளைக்கு முதல் தூண்டில்

பிரியா: மாமா, காலாண்டு லீவுக்கு ஊருக்கு வர்றோம். யாழினி தூண்டில் போடணும்னு ஒரே பிடிவாதம். இவர் ஆன்லைன்ல ரீல் வச்ச ராடு பாத்துட்டு இருக்கார், 7 அடி. வாங்கலாமா?

சேகர் மாமா: வேண்டாம்மா. ரீல்னா வீசணும். அஞ்சு வயசுக் கைக்கு வீச்சு அடங்காது, முள்ளு யார் மேல போய் மாட்டும்னே சொல்ல முடியாது. மூங்கில் குச்சி போதும். 6 அடி, நல்லா காய்ஞ்சது. பச்சை மூங்கில் கனக்கும், கொஞ்ச நேரத்துலயே கை வலிக்குதுன்னு போட்டுடும். தூண்டில் நரம்பு 5½ அடி விடுங்க. குச்சியைவிடக் குறைவா இருந்தா தூக்கினதும் முள்ளு கைப்பக்கம் வந்து நிக்கும். நீளமா விட்டா கையைத் தாண்டி முகத்துக்கு ஆடி வரும்.

கார்த்தி: அக்கா, நரம்பு 0.25 மி.மீ., முள்ளு 12ஆம் நம்பர். நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், மாத்தி வாங்கிடாத. ஜிலேபி மீனுக்குச் சின்ன வாய். 6ஆம் நம்பர் போட்டா இரையை மட்டும் கொறிச்சுட்டுப் போயிடும்.

பிரியா: வீட்டுக்குப் பக்கம் புது ஆறுதானே, அந்தக் கல்லணைக் கால்வாய், அங்கயே போடலாமா?

சேகர் மாமா: கூடவே கூடாது. மேட்டூர் அணைத் தண்ணி ஓடுற காலம் அது. சிமெண்ட் சரிவுல பாசி பிடிச்சிருக்கும், விழுந்தா பெரியவங்களாலயே ஏற முடியாது. மதகுப் பக்கமும் வேண்டாம், மேல தண்ணி சும்மா நிக்கிற மாதிரி தெரியும், அடியில இழுத்துக்கிட்டு இருக்கும். குளம்தான் சரி. படித்துறையில இல்ல, புல்லு இருக்கிற மேட்டுக் கரையில. வண்டல் அள்ளின குளம்னா கரையோரமே திடீர்னு குழி இருக்கும். முதல்ல நீளக் கம்பை விட்டுப் பாருங்க. கரையிலேர்ந்து ஒரு கம்பு தூரத்துக்குள்ள முழங்கால் ஆழத்தைத் தாண்டினா வேற இடம் பாத்துக்கலாம்.

செல்வி அத்தை: லைஃப் ஜாக்கெட் வாங்கிடும்மா. வயசைப் பாக்காத, பிள்ளை எடைக்குத் தகுந்ததா வாங்கு. போட்டுவிட்டு ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாரு. காது வரைக்கும் ஏறிச்சுன்னா பெருசு. கால் கவட்டியில பெல்ட் வர்றதா இருந்தா இன்னும் நல்லது. காத்தடிக்கிற டியூப் எல்லாம் இதுக்கு ஆகாது.

செல்வி அத்தை: இன்னொண்ணு. தூண்டிலைப் பாக்க ஒரு ஆள், பிள்ளையைப் பாக்க ஒரு ஆள். பிள்ளையைப் பாக்குறவங்க கை எட்டுற தூரத்துல, ஃபோன் இல்லாம. தண்ணிக்குள்ள முங்குற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தம் கேட்டு ஓடலாம்னு இருக்கக் கூடாது.

பிரியா: சரி அத்தை. முள்ளுதான் எனக்குப் பயமா இருக்கு.

கார்த்தி: முள்ளு முனைக்கு உள்பக்கம் எதிர்த் திசையில சின்னப் பிசிறு நிக்கும் பாரு, அதைக் குறடால அமுக்கித் தட்டையாக்கிடு. பஞ்சுல குத்தி இழு, நூல் மாட்டாம வந்தா சரி. நரம்பைத் தளரவிட்டா ஒண்ணு ரெண்டு மீன் நழுவும், பரவாயில்ல. கையில ஏறினாலும் போன வழியாவே வந்துடும்.

செல்வி அத்தை: பிசிறு அமுக்காத முள்ளு ஆழமா ஏறியிருந்தா வீட்டுல பிடுங்காதீங்க. நரம்பை வெட்டிட்டு ஆஸ்பத்திரி. கண்ணுகிட்டன்னா தொடவே கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக் கூட்டிப் போகணும். டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டதுன்னு அட்டையைப் பாத்து வச்சுக்கோ.

பிரியா: இரை? தக்கை?

சேகர் மாமா: தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, இல்லன்னா பழைய ஹவாய் செருப்புத் துண்டு, சுண்டுவிரல் நுனி அளவு. பெருசா வச்சா மீன் இழுக்கும்போது கனம் தெரிஞ்சு துப்பிடும். கனத்துக்கு ஈயம் வேண்டாம், பிள்ளை வாயில வைக்கும். குட்டி இரும்பு நட்டு ஒண்ணு, முள்ளுக்கு நாலு விரல் மேல கட்டுங்க. தக்கையில நகம் அளவு மட்டும் தண்ணிக்கு மேல தெரியணும். தக்கை படுத்துக்கிச்சுன்னா நட்டு தரையில கிடக்குன்னு அர்த்தம், தக்கையைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவுல ஒன்றரை அடியில ஆரம்பிக்கலாம்.

சேகர் மாமா: மண்புழு வாழை அடியில கிடைக்கும். கொட்டாங்குச்சியில ஈர மண்ணோட வச்சு நிழல்ல வைங்க. ஒரு அங்குலத் துண்டு போதும், முள்ளு மறையணும். வாலை நீளமாத் தொங்கவிட்டா வாலை மட்டும் கடிச்சுட்டுப் போகும். புழு பிடிக்கலைன்னா கோதுமை மாவு. கெட்டியாப் பிசைஞ்சு, துளி பஞ்சைப் பிச்சுச் சேத்துப் பிசைங்க. பஞ்சு இல்லாத மாவு தண்ணியில கரைஞ்சு போய், வெறும் முள்ளோட உக்காந்திருப்பீங்க.

கார்த்தி: தவிட்டை ஈரமாப் பிடிச்சு ஒரு கைப்பிடி தக்கை விழற இடத்துல போடு. பத்து நிமிஷத்துல பொடி ஜிலேபி கூடிடும். சின்னப் பிள்ளைக்கு மீன் பெருசா இருக்கணும்னு இல்ல, சீக்கிரம் கடிக்கணும். காலையில ஆறரையிலேர்ந்து எட்டரை வரைக்கும் போதும்.

பிரியா: எப்பத் தூக்கணும்னு எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?

சேகர் மாமா: தக்கை துள்ளித் துள்ளி நின்னா அது கொறிக்குது, விடு. சாய்ஞ்சு ஒரு பக்கமா நகர்ந்தாலோ முங்கினாலோ தூக்கு. மணிக்கட்டால சட்டுன்னு ஒரு சாண், அப்புறம் மெதுவா. தலைக்கு மேல சுண்டி இழுத்தா மீன் பிஞ்சு போகும், முள்ளு பின்னாடி இருக்கிறவங்க மேல பாயும். யாழினிக்குப் பின்னாடி யாரும் நிக்காதீங்க.

கார்த்தி: ஜிலேபியை ஈரக் கையால தலைப் பக்கத்திலேர்ந்து வாலுக்குத் தடவிப் பிடிச்சா முதுகு முள்ளு மடங்கிக்கும். எதிர்ப் பக்கமாத் தடவினா கிழிச்சிடும். தொண்டை உப்பியிருந்தா பெண் மீனு, வாயில முட்டையோ குஞ்சோ வச்சிருக்கும், தண்ணிக்குப் பக்கத்துலயே கழட்டி விட்டுடு. சில நேரம் கையிலயே துப்பிடும், யாழினிக்குக் காட்டு.

செல்வி அத்தை: கெளுத்தி, தேளி வந்தா பிள்ளை கை படக் கூடாது. ரெண்டுக்குமே செவுளுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முள்ளு, கெளுத்திக்கு முதுகுலயும் ஒண்ணு, விறைச்சு நிக்கும். நரம்பை வெட்டி விட்டுடுங்க. குத்திட்டா கழுவி, பொறுக்கிற சூட்டுத் தண்ணியில அரை மணி நேரத்துக்கு மேல முக்கி வைக்கணும். சூட்டை உங்க கையை விட்டுப் பாத்துட்டுத்தான் வைக்கணும். அந்த விஷம் சூட்டுல அடங்கும். ஐஸ் வைக்காதீங்க. முள்ளு உள்ள ஒடிஞ்சிருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டர். ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துப் போங்க, பச்சைத் தண்ணி கலந்துக்கலாம். யாழினி கால்ல புண் இருந்தா அன்னைக்குத் தண்ணியில இறக்கவே வேண்டாம், மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் பயம் இருக்கு.

பிரியா: குறிச்சு வச்சுட்டேன் அத்தை. குளத்துல யாரையாவது கேக்கணுமா மாமா?

சேகர் மாமா: கேக்கணும். ஊராட்சிக் குளம் ஏலத்துல போயிருக்கு, கட்லா ரோகு குஞ்சு விட்டிருக்காங்க. ஏலம் எடுத்தவர்கிட்ட நான் முன்னாடியே சொல்லிடறேன். ஜிலேபி எடுத்தா அவருக்கும் சந்தோஷந்தான், குஞ்சுக்குப் போடற தீனியை அதுதான் தின்னுது. கட்லா மாட்டினா திருப்பி விட்டுடணும். பரண்ல காய்ஞ்ச மூங்கில் ரெண்டு கிடக்கு, கணுவை இழைச்சு வைக்கிறேன். நீங்க நரம்பும் முள்ளும் மட்டும் வாங்கிட்டு வாங்க.

பிரியா: 12ஆம் நம்பர், ஒரு பாக்கெட். குறடும் எடுத்துட்டு வர்றேன்.